வெள்ளிடைமலையும் புதுப்புனைவும்

'வெள்ளிடைமலை' என்று தமிழில் ஓர் அழகிய சொல் உண்டு. மரமும் மறைப்பும் இல்லாத வெட்டவெளியில் நிற்கும் மலை அது. கண்ணுடையார் எவரும் அதைக் காணலாம். "அதோ மலை!" என்று முதலில் கூவியவர் என்பதற்காக ஒருவருக்கு அம்மலையைப் பட்டா எழுதிக் கொடுப்பார் யாரும் இலர். புதுப்புனைவுக்கு அரசாங்கம் வழங்கும் காப்புரிமை, அதாவது நாம் பேச்சில் 'பேட்டண்ட்' என்று சொல்லும் உரிமை, பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே வழக்காடப்படுகிறது. ஒருவர் கண்டது புதுப்புனைவா? அன்றி வெள்ளிடைமலையா? இவ்வினாவை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் மூவருக்கு நேர்ந்த ஒரு சிறு வெட்கத்தின் வாயிலாகவே கற்றேன்.

சென்ற ஆண்டு எங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் வைஃபை. விடுதியில் வாழ்பவர்க்கு அதன் அருமையும் தெரியும், கொடுமையும் தெரியும். ஒரே தாழ்வாரத்தில் மூன்று ஆக்சஸ் பாயிண்டுகள் கூரையில் தொங்கும். பகலில் மூன்றும் நன்றாகவே உழைக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கிவிட்டால், மூன்று இருந்தும் ஒன்றும் இல்லாத நிலை! காரணம் எளிது. வைஃபையின் அடிப்படை விதி, 'முதலில் கேள். பிறகு பேசு' என்பது. ஒரே அலைவரிசையில் ஒரு பெட்டி பேசும்போது, அதைக் கேட்கும் தொலைவில் உள்ள பெட்டிகள் வாய் திறவாமல் காத்திருக்க வேண்டும். பெட்டிகள் பெருகப் பெருகக் காத்திருப்பும் பெருகும்.

நாங்கள் இரண்டு ஆக்சஸ் பாயிண்டுகளைக் கம்பியால் இணைத்தோம். ஒன்று தன் அருகே உள்ள கணினியோடு பேசப் போகிறது என்றால், அதை மற்றதற்கு முன்கூட்டியே அறிவிக்கும். மற்றது வாய் மூடிக் காத்திராமல், தன் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, தன் பக்கத்தில் உள்ள கணினியோடு அதே நேரத்தில் பேசும். இருவர் பேச்சும் கெடவில்லை, வேகம் கூடிற்று. அன்றிரவு எங்கள் மூவருக்கும் உறக்கம் வரவில்லை. நண்பன் ஒருவன் காப்புரிமை விண்ணப்பத்தின் முதற் பக்கத்தையே எழுதிவிட்டான். காப்புரிமை விண்ணப்பம் என்றதும் அதை ஊக்குவிக்க ஆள் இல்லாமலா போகும்? "உடனே போடுங்கள், எண்ணிக்கையில் ஒன்று கூடும்" என்றார் ஒருவர்.

எங்கள் பேராசிரியர் மட்டும் சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கைப்பேசிக் கோபுரங்கள் இதையே செய்கின்றனவே, பார்த்தீர்களா?"

பார்த்தோம். பார்த்த பிறகு தலை குனிந்தோம். பல நிலையங்கள் ஒன்றுகூடி அலைபரப்பினால் ஒன்றின் இடையூறு மற்றதற்கு உதவியாகவே மாறும் என்பதைச் ஷமாய், ஸைடல் என்ற இருவர் கைப்பேசி வலையைப் பற்றி 2001-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தனர். அதற்கும் அடிப்படையான ஓர் உண்மையை, இடையூறு இன்னதென்று முன்னரே அறிந்தவர் அதற்கேற்பப் பேசினால் அவ்வளவாக இழப்பில்லை என்பதை, கோஸ்டா என்பவர் 1983-இல் நிறுவியிருந்தார். நான்காம் தலைமுறைக் கைப்பேசிக்கு விதி வகுத்த 3ஜிபிபி என்ற அமைப்பு, தன் 11-ஆம் வெளியீட்டில் கோபுரங்களின் கூட்டுறவை முறையாகவே சேர்த்துவிட்டது. அவ்வளவு ஏன்? வைஃபைக்கே விதி வகுக்கும் ஐ.இ.இ.இ. குழுவினர், ஆக்சஸ் பாயிண்டுகளின் கூட்டுறவைப் பற்றி வைஃபை 7-க்காகவே விவாதித்து, பின்னர் அதை ஒத்திவைத்து, இப்போது உருவாகிவரும் வைஃபை 8-க்கு அதை ஒரு தூணாகவே வைத்துள்ளனர். எங்கள் 'குரல் தாழ்த்தும்' உபாயம் அங்கே பெயரோடும் படத்தோடும் இருந்தது. புதிய மொந்தையில் பழைய கள் என்பார்களே, அதுதான் எங்கள் புதுப்புனைவு! விண்ணப்பத்தைக் கிழித்தோம்.

நிற்க. இவ்வளவுதான் செய்தி என்றால் நான் இக்கட்டுரையை எழுத வேண்டியதில்லை. கிழித்த பின்புதான் உண்மையான வினா எழுந்தது. எங்களுடையது பழையது, சரி. ஆனால், கைப்பேசிக் கோபுரத்தில் இருந்ததை வைஃபைக்குக் கொண்டுவந்த எல்லாரும் எங்களைப் போன்றவர்கள்தாமா? அவர்கள் பெற்ற காப்புரிமை எல்லாம் வெள்ளிடைமலைக்குப் போட்ட பட்டாதானா? இன்று உலகெங்கும் கம்பியில்லாத் தொடர்புத் துறையில் காப்புரிமை மறு ஆய்வுகள் நடக்கும்போது, எதிர்வாதிகளின் முதல் அம்பு பெரும்பாலும் இதுவே: "இது அங்கே இருந்தது; இங்கே கொண்டுவருவது யாருக்கும் தோன்றும்."

இந்த அம்பின் கூர்மையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் பயிலும் இந்த வடநாட்டு மண்ணிலேயே, மிர்சாபூரில், ஒரு வழக்குப் பிறந்தது. உலோகப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிச் சுரண்டி மெருகேற்றுவது அவ்வூர்த் தொழில். சுழலும் பாத்திரம் பிடி நழுவித் தெறித்தால் தொழிலாளிக்கு ஆபத்து. ஒரு நிறுவனம், இயந்திரத்தின் மறுமுனையிலிருந்து ஒரு முனையால் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் முறைக்கு, 1951 முதல் செல்லுபடியாகும் காப்புரிமை பெற்றது. மற்றொரு நிறுவனம் அதே முறையைக் கையாள, வழக்கு மூண்டது. உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி காப்புரிமை செல்லாது என்றார். மேல் விசாரணை செய்தவர்கள் செல்லும் என்றனர். இறுதியில் உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. கடைசல் இயந்திரத்தின் பின்முனை பொருளைத் தாங்கிப் பிடிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது பட்டறை அனுபவம் உள்ள எவரும் செய்யக்கூடிய திருத்தமே அன்றிப் புதுப்புனைவு அன்று என்பது தீர்ப்பின் சாரம். இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

அம்முறை பயனுடையதுதானே என்று கேட்கலாம். பயனுடையதே; ஐயமில்லை. ஆனால் பயன் வேறு, புதுப்புனைவு வேறு. பயனுள்ளதை எல்லாம் ஒருவருக்கு இருபது ஆண்டு உரிமையாக்கினால், பட்டறையில் ஒரு திருகாணியை மாற்றவும் தொழிலாளி வக்கீலைத் தேட வேண்டி வரும்.

இனி, எதிர்ப்பக்கத்தையும் காண்போம். சிறுவயதில் பாட்டி போட்ட விடுகதை நினைவிருக்கிறதா? விடை தெரியும் வரை மண்டையைக் குடைவோம். தெரிந்த கணமே, "பூ, இவ்வளவுதானா!" என்போம். காப்புரிமை மறு ஆய்வுக்கு வரும் அறிஞர்கள் எல்லாரும் விடை தெரிந்த பிறகு விடுகதையை எடை போடுகிறவர்கள். பத்தாண்டுக்கு முந்திய ஓர் ஆவணத்தை இடக்கையிலும், எட்டாண்டுக்கு முந்திய ஓர் ஆவணத்தை வலக்கையிலும் வைத்துக்கொண்டு, "இரண்டையும் சேர்த்தால் இதுதானே" என்று சொல்வது எளிது. சேர்க்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றிற்று என்பதன்றோ கேள்வி!

வைஃபையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.-வில், ஜான் ஓசல்லிவன் முதலிய ஐவர் ஓர் இடரை ஆராய்ந்தனர். அறைக்குள் வானொலி அலை சுவரிலும் மேசையிலும் பட்டு எதிரொலித்து, ஒரே செய்தி பலமுறை குழம்பி வந்து சேர்வதே அவ்விடர். அவர்கள் கண்ட வழிக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. செய்தியைப் பல கிளை அலைகளில் பிரித்து மெல்ல அனுப்புவது, பிழை திருத்தும் குறிகளைச் சேர்ப்பது, வரிசையை மாற்றி விரவுவது என்ற உறுப்புகள் தனித்தனியே பழையவை. அப்படியானால் கூட்டு மட்டும் எப்படிப் புதிது என்று ஒரு கருவி நிறுவனம் வழக்காடியது. கீழ் நீதிமன்றம் முழு விசாரணையின்றியே அவ்வாதத்தைத் தள்ளியது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, சேர்ப்பதற்குக் காரணம் இருந்ததா இல்லையா என்பது விசாரித்தே முடிவு செய்ய வேண்டிய உண்மை என்று கூறி, அந்தப் பகுதியை மட்டும் திருப்பி அனுப்பிற்று. பின்னர் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சமாதானம் செய்துகொண்டன. ஆஸ்திரேலிய மக்களின் நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கிடைத்தது. உறுப்பு பழையது என்பதால் உடலும் பழையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது என்பதற்கு இது போதாதா?

ஆக்சஸ் பாயிண்டுகளின் கூட்டுறவிலும் இதே நிலைதான். கைப்பேசிக் கோபுரங்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு நிறுவனம் அவற்றை ஆள்கிறது; கண்ணாடி இழைக் கம்பி அவற்றை இணைக்கிறது; செயற்கைக்கோள் தரும் நேரத்துக்கு அவை ஒன்றாக நடக்கின்றன. ஆக்சஸ் பாயிண்டுகளோ ஒரு தெருவில் குடியிருக்கும் அயலார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். எப்போது பேச வாய்ப்புக் கிடைக்கும் என்பது எதற்கும் முன்கூட்டித் தெரியாது. அவற்றின் உள்ளே இருக்கும் படிகக் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அது நொடிக்கு 5,000 சுற்று வேறுபாடாகிவிடும். அதாவது, ஒரு நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கிலேயே இரு அலைகளின் ஒத்திசைவு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். சேர்ந்து பாட வேண்டியவர்கள் இப்படிச் சுருதி விலகினால், பாட்டு எங்கே?

2012-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹரிஹரன் ராகுல், ஸ்வருண் குமார், டீனா கட்டாபி மூவரும் இதற்கு ஒரு வழி காட்டினர். ஒரு பெட்டி தலைமை ஏற்கும். ஒவ்வொரு முறையும் அது முதலில் ஒரு சிறு அடையாள ஒலி எழுப்பும். மற்றவை அதைக் கேட்டு, தம் சுருதி எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்குத் திருத்திக்கொண்டு உடன் பாடும். தலைமைப் பாடகர் சுருதி கொடுக்க, குழுவினர் பற்றிக்கொள்வது போல! 'ஒன்றுகூடிப் பாடினால் நன்று' என்பது 2001-இலேயே வெள்ளிடைமலை. 'அயலார்கள் எப்படிச் சுருதி சேர்வது' என்பது வெள்ளிடைமலை அன்று.

என் கருத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. விருப்பம் வேறு, வழி வேறு. 'ஆக்சஸ் பாயிண்டுகள் ஒருங்கிணைந்து அலைபரப்பும் முறை' என்று விருப்பத்தையே உரிமையாகக் கோரும் விண்ணப்பம், கோபுரத்தின் பெயரை அழித்துப் பெட்டியின் பெயரை எழுதியதே ஆகும். அதை மறு ஆய்வில் நீக்குவதே நீதி. ஆனால் இடம் மாறியதால் எழுந்த இடரை எடுத்துச் சொல்லி, அதைத் தீர்க்கும் வழியையும் காட்டும் விண்ணப்பத்தை, 'இது அங்கே இருந்தது' என்ற ஒரே அம்பால் வீழ்த்துவது அநீதி. இடம் மாறியது மட்டுமா, இடரும் மாறியதா என்பதே உரைகல்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் கார் மிதிகட்டை பற்றிய ஒரு வழக்கில் இதன் ஒரு பாதியைத் தெளிவாக்கிற்று. சட்டம் கற்பனை செய்யும் 'துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவர்' இயந்திரப் பொம்மை அல்லர். அவருக்கும் சாதாரண அளவில் கற்பனை உண்டு. தெரிந்த பொருள்களைத் தெரிந்த முறையில் சேர்த்து எதிர்பார்த்த பலனையே பெறுவது புதுப்புனைவாகாது என்றது. விந்தையான மனிதர் இவர்! துறையின் ஏடுகள் எல்லாவற்றையும் படித்திருப்பார். ஆனால் மேதை அல்லர். இவரைக் கண்டு நான் வியந்ததுண்டு. பிறகு கண்ணாடியில் பார்த்தபோது விளங்கிற்று: அவர் நாமேதான்! நாங்கள் மூவரும் ஏடுகளைப் படிக்காமலே விடுதி அறையில் அதே உபாயத்துக்கு வந்து சேர்ந்தோமே! சாதாரண மாணவர் மூவருக்கு ஒரு பருவத்தில் தோன்றியதை யாருக்கேனும் இருபது ஆண்டு உரிமையாக்குவது எங்ஙனம் தகும்?

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். வைஃபை என்பது உலகப் பொது விதி. அவ்விதிக்குள் ஒரு காப்புரிமை நுழைந்துவிட்டால், அவ்விதிப்படி செய்யப்படும் ஒவ்வொரு பெட்டியிலும் அதன் பங்கு வசூலாகும். கிராமத்துப் பள்ளிக்கு வாங்கும் பெட்டிக்கும் அதே வரிதான். தகுதியுள்ள புனைவுக்கு அந்த வரியை மனமுவந்து கொடுக்கலாம். வெள்ளிடைமலைக்குச் சுங்கம் கட்டுவது எதற்கு?

இதற்காகவே அமெரிக்கா 2011-இல் சட்டம் செய்து, 2012 முதல் காப்புரிமைகளை அலுவலகத்திலேயே மறு ஆய்வு செய்யும் முறையைத் தொடங்கியது. முன்பே வெளியான காப்புரிமைகளையும் அச்சான ஏடுகளையும் மட்டுமே சான்றாகக் காட்டலாம். ஆய்வு தொடங்கினால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இம்முறை செல்லும் என்றது. ஒரு முறை கொடுத்த உரிமையைப் பெரிய நிறுவனங்கள் மறுபடி மறுபடி தாக்கினால் சிறிய புனைவாளர் என்ன செய்வார் என்ற முறையீடும் அங்கே உண்டு. அது வெறும் புலம்பல் அன்று. அதனால்தான், மறு ஆய்வு வேண்டும். ஆனால் ஆய்வாளர் விண்ணப்ப நாளின் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்க வேண்டும் என்கிறேன். இணைப்பதற்கு அன்று என்ன காரணம் இருந்தது, இணைத்தால் பலிக்கும் என்று நம்ப என்ன இடம் இருந்தது என்ற இரண்டையும் எழுதிக் காட்டாமல் எவரும் 'வெளிப்படை' என்று முத்திரை குத்தலாகாது. 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் நம் அலுவலர்க்கும் ஏறத்தாழ இதையே அறிவுறுத்தியது: முன்பிருந்த அறிவு எது, கோரப்பட்ட புனைவு எது, முன்னதிலிருந்து பின்னது எவ்வாறு வெளிப்படை என்பதை எழுதாமல், வெறுமனே மறுக்கக் கூடாது.

நம் சட்டத்திலோ இன்னொரு கதவும் உண்டு. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின்படி, விண்ணப்பம் வெளியான பின், உரிமை வழங்கப்படுமுன், எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். 'எவரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தொழிலதிபராக இருக்க வேண்டியதில்லை. போட்டியாளராக இருக்க வேண்டியதில்லை. மாணவரும் செய்யலாம். 2024-இல் திருத்திய விதிகள் இதற்குக் கட்டணம் விதித்ததும், மனுவை ஏற்கலாமா என்று முதலில் பார்க்கும் படி ஒன்றைச் சேர்த்ததும் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. பொய் எதிர்ப்புகளைத் தடுக்கவே என்கிறார்கள். கதவைத் தாழிடாமல் இருந்தால் சரி.

ஆனால் பிறர் வீட்டுக் கதவைத் தட்டுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். கல்வி நிறுவனங்களின் தரவரிசையில் காப்புரிமைகளின் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது. எனவே விண்ணப்பங்கள் பெருகுகின்றன. அவற்றுள் முத்தும் உண்டு. எங்கள் கிழிந்த காகிதம் போன்றவையும் உண்டு. எண்ணிக்கைக்காக விண்ணப்பம் போடும் பழக்கம் நம் ஆராய்ச்சியையே பொய்யாக்கிவிடும் என்று அஞ்சுகிறேன். அந்நியர் காப்புரிமையை 'வெளிப்படை' என்று எதிர்க்கும் நாம், நம் வெளிப்படையை மட்டும் 'புதுப்புனைவு' என்று அழைப்பது எந்த நியாயம்?

தோழர்களே! பொறியியல் பயிலும் நம்மவர்க்கு ஒரு சிறு பழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். ஆய்வு முடிந்ததும் விண்ணப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் நூலகத்துக்குச் செல்லுங்கள். உங்கள் எண்ணத்தை நீங்களே எதிர்க்கட்சி வக்கீலாக நின்று தாக்குங்கள். விழுந்தால் விழட்டும். நிற்குமானால், அதன் எந்தப் பகுதி நின்றதோ அதை மட்டும் கோருங்கள்.

நாங்கள் கிழித்த விண்ணப்பத்தின் கதை அங்கே முடியவில்லை. பேராசிரியர் எங்களை மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பினார். எங்கள் இரு பெட்டிகளையும் இணைத்த கம்பியைப் பிடுங்கிவிட்டு, "இப்போது செய்து காட்டுங்கள்" என்றார். எட்டு மாதமாகச் செய்து பார்க்கிறோம். இன்னும் முழுதாக வரவில்லை. வந்தால் அது வெள்ளிடைமலையாக இராது என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது. அதுவரை எங்கள் விடுதித் தாழ்வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு மூன்று பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு காத்திருக்கும், நாங்களும் காத்திருப்போம்.